எஃபிஷியன்சி: பொருளறிந்து எழுதுவதற்கு ஒரு வழிகாட்டி

மோட்டார் விற்பவரும், மேலாண்மைப் பாடம் நடத்தும் பேராசிரியரும், தடுப்பூசி ஆய்வைச் செய்தியாக்கும் இதழாளரும், பதவி உயர்வு பற்றிக் கோப்பில் குறிப்பெழுதும் அலுவலரும் எஃபிஷியன்சி என்ற ஆங்கிலச் சொல்லைத் தயக்கமின்றி எடுத்தாள்கிறார்கள். ஆனால் ஒருவர் கருதும் பொருள் மற்றவர் கருதும் பொருளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. விரைவாக வேலை செய்வது, திறமையோடு இருப்பது, செலவைக் குறைப்பது, மருந்து பலிப்பது, இயந்திரம் வலுவாக இழுப்பது ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடும் பழக்கம் நம் பேச்சிலும் இந்திய ஆங்கில எழுத்திலும் வெகுவாகப் பரவியிருக்கிறது.

இச்சொல்லைச் சரியாகக் கையாள விரும்புபவர் முதலில் ஒரு சிறிய சோதனையைப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். எழுதும் வாக்கியத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: எதைச் செலவிட்டோம், அந்தச் செலவில் என்ன பயன் கிடைத்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள விகிதமே எஃபிஷியன்சி. இரண்டில் ஒன்றுக்கு விடை சொல்ல முடியவில்லை என்றால், அந்த இடத்துக்கு உரிய சொல் பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும். ஒவ்வொரு துறையிலும் இந்தச் சோதனையை எப்படிச் செய்வது, எங்கே கால் வழுக்கும் என்பதையே இனி வரிசையாகப் பார்க்கப்போகிறோம்.

சொல் வந்த வழி

இலத்தீன் மொழியில் எஃபிகெரே என்ற வினைச்சொல்லுக்குச் செய்து முடித்தல், விளைவித்தல் என்று பொருள். அதன் வழியாக எஃபிஷியன்சி ஆங்கிலத்தில் நுழைந்த 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், விகிதம் என்ற எண்ணமே அதில் இல்லை; ஒன்றை உண்டாக்கும் ஆற்றல் என்ற அளவில்தான் அது வழங்கியது. அரிஸ்டாட்டில் கூறிய நான்கு காரணங்களுள், சிலைக்குச் சிற்பியைப் போல ஒன்றைச் செய்விக்கும் காரணத்தை ஆங்கில மெய்யியலார் எஃபிஷியன்ட் காஸ் என்று எழுதுவது இந்தப் பழைய பொருளை ஒட்டித்தான். குடத்துக்குக் குயவனை நிமித்த காரணம் என்று நம் சைவ சித்தாந்த நூல்கள் சொல்வது ஏறத்தாழ இதற்கு நிகரானது. மெய்யியல் நூலை மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில் 'திறமையான காரணம்' என்று எழுதிவிட்டால் பொருள் முழுவதும் கெட்டுப்போகும்.

விகிதம் என்ற பொருள் இயந்திரங்களிலிருந்து வந்தது. இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759இல் நீர்ச்சக்கரங்களின் மாதிரிகளைச் செய்து, விழும் நீரின் ஆற்றலில் எவ்வளவு பங்கு பயனுள்ள வேலையாக மாறுகிறது என்று அளந்தார். மேலிருந்து நீர் கொட்டும் சக்கரம், அடியில் நீர் மோதிச் சுழலும் சக்கரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலையைத் தருவதாக அவர் கண்டார். நீராவி இயந்திரங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இந்தப் பங்குக்கு எஃபிஷியன்சி என்ற பெயர் நிலைத்தது. இன்று நாம் காணும் பிற பொருள்கள் பலவும் அந்த இயந்திரக் கூடத்திலிருந்து அலுவலகத்துக்கும் பொருளியலுக்கும் கொண்டுபோகப்பட்டவை.

இயற்பியலிலும் பொறியியலிலும்

பொருள் மிகத் தெளிவாக இருப்பது இங்கேதான். ஆகவே இங்கே நன்றாகப் பழகிக்கொண்டால் மற்ற துறைகளில் தடுமாற்றம் குறையும். ஒரு கருவிக்குள் சென்ற ஆற்றலால் அதிலிருந்து வெளிவந்த பயனுள்ள ஆற்றலை வகுத்தால் கிடைப்பது எஃபிஷியன்சி. மேலும் கீழும் ஒரே அலகு இருப்பதால், விடை அலகில்லாத எண்ணாக வரும். அதை நூறால் பெருக்கிச் சதவீதமாகச் சொல்கிறோம். சமன்பாடுகளில் ஈட்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கிணற்றிலிருந்து 1,000 லிட்டர் நீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீரின் நிறை 1,000 கிலோ, அதை 9.8 என்ற புவியீர்ப்பு முடுக்கத்தாலும் 30 என்ற உயரத்தாலும் பெருக்கினால் 2,94,000 ஜூல் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36,00,000 ஜூல் ஆகையால், நீரை ஏற்றுவதற்கு உண்மையில் தேவையான ஆற்றல் சுமார் 0.08 யூனிட் மட்டுமே. மின் அளவி 0.2 யூனிட் ஓடியிருந்தால், அந்தப் பம்புசெட்டின் எஃபிஷியன்சி சுமார் 41 சதவீதம். மீதி எங்கே போயிற்று என்று தேடினால், மோட்டார் 80 சதவீதமும் பம்பு 55 சதவீதமும் தருவதாக இருக்கலாம். இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது பலர் செய்யும் தவறு. வரிசையாக அமைந்த கருவிகளின் எஃபிஷியன்சியைப் பெருக்க வேண்டும்: 0.80 பெருக்கல் 0.55 என்றால் 0.44. குழாயின் உராய்வில் இன்னும் கொஞ்சம் கழிந்து 41 சதவீதத்தில் வந்து நிற்கிறது. எனவே புதிதாக மோட்டார் வாங்குபவர் மோட்டாரின் சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவதில் பயன் குறைவு. இந்தக் கணக்கில் பம்புதான் பெரிய இழப்பைச் செய்கிறது.

எஃபிஷியன்சியைச் சொல்லும்போது எல்லை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பி தனக்குள் வரும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக மாற்றுகிறது. கம்பியை மட்டும் எல்லையாகக் கொண்டால் அதன் எஃபிஷியன்சி ஏறக்குறைய 100 சதவீதம். அந்த மின்சாரம் நிலக்கரி அனல் மின்நிலையத்திலிருந்து வந்தது என்றால், அங்கே கரியின் வெப்பத்தில் பொதுவாக 33 முதல் 40 சதவீதம்தான் மின்சாரமாகிறது. கம்பிகளில் வரும் வழியிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. கரியிலிருந்து வாளி வரை எல்லையை நீட்டினால் அதே ஹீட்டர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு எண்களும் உண்மையே. எல்லையைச் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்பவர் படிப்பவரை ஏமாற்றுகிறார் அல்லது தானே ஏமாந்திருக்கிறார்.

உச்ச வரம்பு ஒன்று இருப்பதையும் மறக்கக் கூடாது. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்த விதியின்படி, வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரமும் அதன் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலைகளால் கட்டுப்பட்டது. 540 டிகிரி செல்சியஸ் நீராவியில் ஓடி 40 டிகிரியில் வெப்பத்தைக் கழிக்கும் இயந்திரம், உராய்வே இல்லாத கற்பனை நிலையில்கூட 61.5 சதவீதத்தைத் தாண்ட முடியாது. ஆகவே அனல் மின்நிலையம் 38 சதவீதம் தருகிறது என்பதைப் பார்த்து 62 சதவீதம் வீணடிக்கப்படுகிறது என்று எழுதுவது நியாயமாகாது. இதற்கு மாறாக, பெரிய மின்மாற்றிகள் 98 சதவீதத்துக்கு மேல் தருகின்றன. அங்கே 95 சதவீதம் என்றால் அது பெரிய குறை. எண்ணைத் தனியாக நிறுத்தி நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

எஃபிஷியன்சி என்று சொல்லத் தோன்றி, சொல்லக் கூடாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று விளக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமன் ஒளி தரும். 9 வாட் எல்இடி பல்பு ஏறத்தாழ 900 லூமன் தரும். லூமனை வாட்டால் வகுத்தால் முன்னதற்கு 12, பின்னதற்கு 100. மேலும் கீழும் வேறு வேறு அலகு என்பதால், பொறியியல் ஆங்கிலத்தில் இதற்கு எஃபிகஸி என்ற தனிச் சொல் உண்டு. சதவீதக் குறி இங்கே வரக் கூடாது. மற்றொன்று ஏசி. ஓர் அலகு மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று அலகு வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் கருவியை 300 சதவீத எஃபிஷியன்சி கொண்டது என்று விளம்பரத்தில் எழுதலாம், பொறியியலில் எழுதுவதில்லை. ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது என்பதால் அதற்கு கோஎஃபிஷியன்ட் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் என்ற வேறு அளவு இருக்கிறது. இந்த கோஎஃபிஷியன்ட் என்ற சொல் எஃபிஷியன்சியின் உறவாகத் தோன்றினாலும் கணிதத்தில் அதற்குக் குணகம் என்பதே பொருள். வீணாவது, மிச்சமாவது என்ற பேச்சு அதில் கிடையாது.

நட்சத்திரக் குறியீட்டை எப்படிப் படிப்பது என்பதும் இங்கேயே சொல்லத் தக்கது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002இல் ஒன்றிய அரசு அமைத்த பியூரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்சி, 2006இலிருந்து மின்கருவிகளுக்கு நட்சத்திரங்கள் வழங்கிவருகிறது. அதே வகைக் கருவிகளுக்குள் ஒப்பிடுவதற்கே நட்சத்திரம் உதவும். பெரிய குளிர்சாதனப் பெட்டி ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தாலும், மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் எடுக்கக்கூடும். எஃபிஷியன்ட் என்றால் குறைவாகச் செலவழிப்பது என்று எண்ணுபவர் சறுக்கும் இடம் இது. செலவுக்கு ஏற்ற பயன் என்பது வேறு, செலவே குறைவு என்பது வேறு. ஐந்து நட்சத்திரக் குறியின் கீழே ஆண்டு மின்நுகர்வு என்று அச்சிட்டிருக்கும் யூனிட் எண்ணே வீட்டுக் கட்டணத்துக்கு உதவும் எண்.

சூரியத் தகடு விற்பனையில் இந்தக் குழப்பம் இன்னும் அழகாக அரங்கேறுகிறது. 22 சதவீதத் தகடு 18 சதவீதத் தகட்டைவிட அதிக மின்சாரம் தரும் என்று விற்பவர் சொல்வார். இரண்டும் 400 வாட் தகடுகள் என்றால் வெயிலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தையே தரும். சோதனைச் சாலையில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியை விழச் செய்து தகடுகளை அளக்கிறார்கள். எனவே 22 சதவீதத் தகட்டுக்கு 400 வாட் தர 1.8 சதுர மீட்டர் போதும், 18 சதவீதத் தகட்டுக்கு 2.2 சதுர மீட்டர் வேண்டும். இங்கே வகுக்கும் எண் தகட்டின் மீது விழும் வெயில். மாடி சிறியது என்றால் கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் உண்டு. மாடி பரந்து கிடக்கிறது என்றால் வெயிலுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

எண்ணோடு சேர்த்து எழுதும்போது

எஃபிஷியன்சி 30 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்ந்தது என்றால், அது 3 சதவீதப் புள்ளி உயர்வு. விகிதமாகச் சொன்னால் 10 சதவீத உயர்வு. வெறுமனே 3 சதவீதம் உயர்ந்தது என்று எழுதினால் 30.9 என்று கொள்ளவும் இடமுண்டு. தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

வண்டிகளின் எரிபொருள் எஃபிஷியன்சி, நாம் மைலேஜ் என்று சொல்வது, சதவீதமாக இல்லாமல் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வருவதால் வேறொரு மயக்கத்தைத் தருகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரியை 5 ஆக்கினால் நூறு கிலோமீட்டருக்கு 25 லிட்டர் என்பது 20 லிட்டராகிறது. மிச்சம் 5 லிட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டியை 75 ஆக்கினால் அதே தொலைவுக்கு மிச்சம் முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஐரோப்பியர் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகக் கணக்கிடுவதில் இந்த மயக்கம் இல்லை. சேமிப்பைப் பற்றி எழுதும்போது அந்த முறையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

உடன்பிறப்பைப் போலத் தோன்றும் சொற்கள்

எஃபிஷியன்சி, எஃபெக்டிவ்னெஸ், எஃபிகஸி ஆகிய மூன்றும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. மருத்துவத்தில் மூன்றுக்கும் மூன்று வேலை. கட்டுப்பாடான ஆய்வுச் சூழலில் மருந்து எந்த அளவு பலிக்கிறது என்பது எஃபிகஸி. ஊரில், மருத்துவமனையில், மாத்திரையை மறந்துபோகும் சாதாரண மனிதர்களிடத்தில் அது எந்த அளவு பலிக்கிறது என்பது எஃபெக்டிவ்னெஸ். அந்தப் பலனுக்குச் செலவான பணமும் ஆளும் நேரமும் ஈடாகுமா என்பது எஃபிஷியன்சி. 2020இல் ஃபைசர், பயோஎன்டெக் நிறுவனங்களின் கொரோனா தடுப்பூசிக்கு 95 சதவீத எஃபிஷியன்சி என்று நம்மிடையே பலர் சொன்னது எஃபிகஸியைத்தான். சுமார் 43,000 பேரைச் சேர்த்துக்கொண்ட அந்த ஆய்வில் நோய் கண்ட 170 பேரில் 162 பேர் போலி ஊசி பெற்றவர்கள், 8 பேர் உண்மையான ஊசி பெற்றவர்கள். ஊசி போட்டவர்களிடையே நோய் 95 சதவீதம் குறைந்தது என்பது இதன் பொருள். போட்டவர்களில் 100க்கு 5 பேருக்கு நோய் வரும் என்று படிப்பது முற்றிலும் தவறு. ஊசியின் விலையோ குளிர்பதனச் செலவோ இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. எனவே எஃபிஷியன்சி என்ற சொல்லுக்கு அங்கே இடமும் இல்லை.

அலுவலகப் பேச்சில் எஃபிஷியன்ட் என்பதும் எஃபெக்டிவ் என்பதும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். நாடினது நடந்ததா என்று கேட்பது எஃபெக்டிவ். எவ்வளவு செலவில் நடந்தது என்று கேட்பது எஃபிஷியன்ட். ஒரு மனுவுக்கு ஒரு நிமிடத்தில் விடை எழுதி அனுப்பும் அலுவலகத்தில், அந்த விடை மனுதாரரின் குறையைத் தீர்க்காவிட்டால், முன்னது இல்லாமல் பின்னது மட்டும் இருப்பதாகச் சொல்லலாம். விரைவையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு பாக்கெட் பாலைக் கொண்டுவந்து தரும் சேவை விரைவானது. ஒரு பாக்கெட்டுக்காக ஓர் ஆளும் ஒரு வண்டியும் வருகிற அந்த முறை எரிபொருள் கணக்கில் எஃபிஷியன்ட் என்று சொல்வது கடினம்.

புரொடக்டிவிட்டி இன்னொரு அண்டை வீட்டுக்காரர். ஓர் ஆளுக்கு, ஒரு மணிநேரத்துக்கு, ஓர் ஏக்கருக்கு எவ்வளவு விளைகிறது என்பது அது. தமிழில் உற்பத்தித்திறன் என்று நிலைத்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் எஃபிஷியன்சி என்ற முழக்கத்தை எழுப்பிய ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர், 1911இல் தம் கருத்தை விளக்கியபோது ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். பெத்லஹேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்பைச் சுமந்த ஒருவர், தம் முறைப்படி வேலையையும் ஓய்வையும் வகுத்துக் கொடுத்த பிறகு நாற்பத்தேழரை டன் சுமந்தார் என்றும், அவருடைய கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது என்றும் அவர் எழுதினார். அந்தக் கதையின் உண்மையைப் பற்றிப் பின்வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அவர் எண்களை அப்படியே ஏற்றாலும், உயர்ந்தது ஓர் ஆளின் ஒரு நாள் உற்பத்தித்திறன். அந்த மனிதரின் உடல் தேய்மானத்தையும் செலவாகச் சேர்த்து எஃபிஷியன்சியைக் கணக்கிட்டால் விடை என்னவாகும் என்பதை அவர் அளக்கவில்லை.

பொருளியலில் இச்சொல் இன்னும் நுட்பமான பொருளில் வருகிறது. இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரேடோ பரேட்டோ பெயரால் வழங்கும் எஃபிஷியன்சி, ஒருவருக்காவது நட்டம் வராமல் இன்னொருவரின் நிலையை மேம்படுத்த இனி வழியில்லை என்ற நிலையைக் குறிக்கும். எல்லாச் சொத்தும் ஒருவரிடமே இருக்கும் ஊரும் இந்த இலக்கணத்தின்படி எஃபிஷியன்ட் ஆகிவிடலாம். ஆகவே பொருளியல் கட்டுரையில் இச்சொல்லைக் கண்டால் நியாயமானது என்றோ சிறந்தது என்றோ படித்துவிடக் கூடாது.

ஆட்சியிலும் சட்டத்திலும்

இந்தத் துறையில்தான் இச்சொல் மிகக் கவனமான கையாளலை வேண்டுகிறது. ஐந்தாவது ஊதியக் குழுவுக்கு முந்தைய அரசு ஊழியர்கள் 950-20-1150-இபி-25-1500 போன்ற சம்பள விகிதங்களை மறந்திருக்க மாட்டார்கள். நடுவில் உள்ள இபி என்பது எஃபிஷியன்சி பார். அந்தத் தடையைத் தாண்டத் தகுதியுள்ளவர் என்று மேலதிகாரி ஒப்பினால்தான் அடுத்த ஊதிய உயர்வு. இலங்கையில் இது வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை என்ற பெயரில் இன்றும் அரசு ஊழியர் வாழ்வில் இருக்கிறது. இந்தப் பயன்பாட்டில் எஃபிஷியன்சி என்பது விகிதமாக அளக்கப்படுவதில்லை. பணிக்குரிய தகுதி என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது.

இந்திய அரசமைப்பின் 335ஆவது பிரிவு, பணி நியமனங்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உரிமைக் கோரிக்கைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கூறும்போது, நிருவாகத்தின் எஃபிஷியன்சியைப் பேணுவதற்கு இசைவாக என்ற தொடரையும் சேர்த்திருக்கிறது. எஃபிஷியன்சி என்றால் என்ன என்று அரசமைப்பு வரையறுக்கவில்லை. தேர்வு மதிப்பெண்ணே அதன் அளவுகோல் என்று ஒரு தரப்பு நெடுங்காலம் வாதிட்டது. 2000ஆம் ஆண்டின் 82ஆவது திருத்தம், பதவி உயர்வில் தகுதி மதிப்பெண்ணைத் தளர்த்துவதற்கு இப்பிரிவு தடையாகாது என்ற விதியைச் சேர்த்தது. 2019இல், கர்நாடக அரசுப் பணியில் பதவி உயர்வு இட ஒதுக்கீடு தொடர்பான பவித்ரா வழக்கின் இரண்டாவது தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பலதரப்பட்ட மக்களையும் உள்ளடக்கிய ஆட்சி என்ற அளவில் எஃபிஷியன்சியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கூறியது. நாம் தொடக்கத்தில் வைத்த சோதனையை இங்கே வைத்துப் பார்த்தால் வாதம் எங்கே நிற்கிறது என்பது தெளிவாகிவிடும்: ஆட்சியால் கிடைக்க வேண்டிய பயன் எது என்று யார் வரையறுப்பது என்பதே கேள்வி. தேர்வில் ஒருவர் எடுத்த மதிப்பெண், அவர் வேலைக்குச் சேரும் முன் கிடைத்த எண். அது அலுவலகத்தின் பயனும் ஆகாது, செலவும் ஆகாது. இட ஒதுக்கீடு பற்றி எழுதுபவர் எஃபிஷியன்சி என்ற சொல்லைப் போகிற போக்கில் போடாமல், தாம் எந்தப் பயனைக் கருதுகிறோம் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

அரசியல் முழக்கமாக வரும்போது பெரும்பாலும் பயன் என்ற பாதி காணாமல் போய், செலவு என்ற பாதி மட்டும் எஞ்சுகிறது. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஆணையால் உருவான அமைப்பின் பெயரிலேயே கவர்ன்மென்ட் எஃபிஷியன்சி இருந்தது. அதைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் பேசப்பட்டவை ஆட்குறைப்பும் ஒப்பந்த ரத்தும். பிரிட்டனின் அரசு ஆவணங்களில் எஃபிஷியன்சி சேவிங்ஸ் என்ற தொடர் இவ்வாறே நிதிக் குறைப்புக்கு ஒரு மென்மையான பெயராக வழங்குகிறது. இவற்றைத் தமிழில் தரும்போது, நடந்தது செலவுக் குறைப்பு என்றால் செலவுக் குறைப்பு என்றே எழுதலாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

எஃபிஷியன்சி பெரும்பாலும் எண்ணிச் சொல்லப்படாத பெயர்ச்சொல். பொதுவாகப் பேசும்போது அதன் முன் 'ஒரு' என்று பொருள்படும் ஆன் (an) என்ற சுட்டு வராது; ஆனால் எண் தொடர்ந்தால் வரலாம், ஆன் எஃபிஷியன்சி ஆஃப் 85 பெர்சென்ட் என்பது சரியான தொடர். பன்மையாக எழுத இரண்டு இடங்களில்தான் இசைவு உண்டு: பல கருவிகளின் மதிப்புகளை ஒப்பிடும்போது, அல்லது மேலாண்மை மொழியில் சிக்கன வழிகளைக் குறிக்கும்போது. கருவியின் பெயருக்கு முன் ஆஃப் வரும். செயலுக்கு முன் இன் வரும். ஹை, லோ என்ற அடைகளும் இம்ப்ரூவ், இன்கிரீஸ், ரெடியூஸ் என்ற வினைகளும் இதனோடு இயல்பாகச் சேரும். பிக், ஸ்மால் சேர மாட்டா. எனர்ஜி எஃபிஷியன்சி என்ற பெயர்ச்சொல்லுக்கு நடுவில் இணைப்புக் கோடு வேண்டியதில்லை. எனர்ஜி-எஃபிஷியன்ட் ஃபேன் என்று பெயரடையாக வரும்போது கோடு வேண்டும்.

எழுத்துக் கூட்டலில் எஃப் இரண்டு, ஐ இரண்டு. இரண்டாவது ஐயை விட்டுவிடுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் காணும் பிழை. ஒலிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில், ஃபிஷ் என்ற இடத்தில் விழும். முதல் எழுத்தை அழுத்தி எஃ என்று நீட்டுவது இந்திய ஒலிப்பு.

தன்விவரக் குறிப்புகளில் எஃபிஷியன்ட் இன் தமிழ் அண்ட் இங்கிலிஷ் என்று எழுதுவது ஒரு தொற்று போலப் பரவியிருக்கிறது. மொழியில் தேர்ச்சி உண்டு என்று சொல்ல புரொஃபிஷியன்ட் அல்லது ஃப்ளூயன்ட் என்ற சொல் வேண்டும். எஃபிஷியன்ட் என்று ஒருவரைச் சொன்னால், அவர் நேரத்தையும் உழைப்பையும் வீணாக்காமல் வேலையை முடிப்பவர் என்றுதான் படிப்பவர் கொள்வார். எஃபிஷியன்ட் மேனேஜர் என்பது சரி. எஃபிஷியன்ட் பாடகி என்று கச்சேரி விமரிசனத்தில் எழுதினால், அவர் குறித்த நேரத்தில் கச்சேரியை முடித்துவிட்டார் என்ற கிண்டலாகக்கூட அது ஒலிக்கலாம்.

தமிழில் எழுதும்போது

தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூல்கள் வெப்ப இயந்திரத்துக்கும் மின்மாற்றிக்கும் பயனுறு திறன் என்ற தொடரைக் கையாள்கின்றன. இலங்கையில் வினைத்திறன் என்பது நிருவாகத்திலும் மேலாண்மையிலும் நன்கு வேரூன்றிய சொல். எஃபெக்டிவ்னெஸுக்கு விளைதிறன் என்ற இணைச்சொல்லும் அங்கே உண்டு. தமிழ்நாட்டு இதழ்களில் வழங்கும் செயல்திறன் பொது வாசகருக்கு எளிது என்றாலும், பெர்ஃபார்மன்ஸ், எஃபிகஸி, எஃபெக்டிவ்னெஸ் ஆகிய அனைத்துக்கும் அதையே போடுவதால் வாக்கியத்தில் எது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. வெறுமனே திறன் என்று எழுதுவதை மட்டும் தொழில்நுட்பக் கட்டுரைகளில் தவிர்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திறன் என்பது பவர், குதிரைத்திறன் என்பதும் அதன் வழி வந்ததே. திறன் கூடிய மோட்டார் என்று எழுதினால், அதிகக் குதிரைத்திறன் கொண்டதா, குறைவான மின்சாரத்தில் அதே வேலையைச் செய்வதா என்று கடைக்காரரே குழம்புவார். ஐயம் வரும் இடங்களில் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, ஒரு யூனிட்டில் இத்தனை லிட்டர் நீர் ஏற்றும் என்று நேராகச் சொல்லிவிடுவது எந்தக் கலைச்சொல்லையும்விடத் தெளிவாக இருக்கும்.

அமெரிக்காவில் வீடு தேடுபவர்களுக்கு மட்டும் இன்னொரு பொருளும் தெரிந்திருக்க வேண்டும். படுக்கையறை தனியாக இல்லாமல், ஒரே அறையில் சிறிய சமையல் இடமும் பக்கத்தில் குளியலறையும் கொண்ட வாடகைக் குடியிருப்பை அங்கே எஃபிஷியன்சி என்றே சொல்கிறார்கள். வாடகை விளம்பரத்தில் ஆன் எஃபிஷியன்சி என்று எண் ஏதுமின்றி நின்றால் அது இலக்கணப் பிழை இல்லை. வீட்டின் அளவைச் சொல்கிறது.